கரீபியன் கடற்கரையில் விடுமுறை: நாட்பட்ட நோயுடையோருக்கான பயண ஆயத்தம்

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் தம் பெற்றோரை அழைத்துக்கொண்டு கரீபியன் தீவுகளுக்கு விடுமுறை செல்வது இப்போது அரிதான செய்தி அன்று. அத்தகைய பயணத்திற்கு முன் மருத்துவ ஆலோசனை நாடி வருவோரில் பலர் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ உடையவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் பயணத்திற்கு ஒரு வாரமோ இரண்டு நாட்களோ இருக்கும்போதுதான் வருகின்றனர் என்பதே பெரிய இடர்ப்பாடு. கீழே கூறப்படுபவற்றுள் சில குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கப்பட வேண்டியவை.

எடுத்துக்காட்டாக இங்கு டொபாகோ தீவு கொள்ளப்படுகிறது. டிரினிடாட் மற்றும் டொபாகோ குடியரசின் இரு பெருந்தீவுகளுள் சிறியது இது. பரப்பளவு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 60,000 அளவில். பெரிய விடுதிகளும் கூட்டமும் மிகுந்த கரீபியன் தீவுகளோடு ஒப்பிட இது அமைதியானது. காஸ்டாரா, சார்லட்வில் போன்ற மீனவச் சிற்றூர்களின் கரைகளில் தங்குவோர் அந்த அமைதிக்காகவே செல்கின்றனர். ஆனால் நோயுடையவருக்கு அமைதியான கரை என்பது மருத்துவமனையிலிருந்து தொலைவான கரை என்றும் பொருள்படும். இதை மனத்தில் கொண்டே தங்குமிடம் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

மருத்துவமனை எவ்வளவு தொலைவு

தீவின் முதன்மை மருத்துவமனை தலைநகர் ஸ்கார்பரோவை அடுத்த சிக்னல் ஹில் பகுதியில் உள்ளது. சிற்றூர்களில் சுகாதார நிலையங்கள் உண்டு. அவை முதலுதவிக்கும் சிறு நோய்களுக்கும் போதுமானவை. தீவில் அளிக்க இயலாத சிறப்புச் சிகிச்சைகளுக்கு நோயாளி டிரினிடாட் தீவுக்குக் கொண்டு செல்லப்படுகிறார். வடகரைச் சாலைகள் மலையைச் சுற்றி வளைந்து செல்பவை. வரைபடத்தில் அருகில் தெரியும் ஊரை அடைய ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகலாம்.

கடந்த ஆறு மாதங்களுக்குள் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், மருத்துவர் பயணத்திற்கு ஒப்புதல் அளித்தாலும், தீவின் தென்மேற்கில் விமான நிலையம் அமைந்துள்ள கிரவுன் பாயிண்ட் பகுதியிலோ ஸ்கார்பரோவை ஒட்டியோ தங்குவது நலம். அங்கும் நல்ல கரைகள் உள்ளன. காஸ்டாராவுக்குப் பகலில் சென்று திரும்பலாம். தங்குமிடத்தை அடைந்தவுடன் அவசர ஊர்தி அழைப்பு எண்ணை விடுதியாளரிடம் கேட்டு, கைப்பேசியில் பதிவதோடு ஒரு தாளிலும் எழுதி வைக்கவும்.

பயணக் காப்பீட்டில் இரண்டு செய்திகளை எழுத்தில் உறுதிசெய்து கொள்க. ஒன்று, ஏற்கெனவே உள்ள நோயால் விளையும் அவசர நிலைக்குச் செலவு ஈடுசெய்யப்படுமா என்பது. மற்றொன்று, மருத்துவக் காரணத்திற்காக வேறு தீவுக்கோ தாய்நாட்டுக்கோ விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா என்பது. நோயை மறைத்துப் பெற்ற காப்பீடு தேவைப்படும் நாளில் பயன்படாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. காமாலைக்கு ஊசி போட்டுவிட்டோம் என்று கூறி ஹெபடைடிஸ் பி அட்டையைக் காட்டுவோர் உள்ளனர். அது இதற்கு ஈடாகாது. மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவும் வைரஸ் நோய். டிரினிடாட் தீவின் காடுகளில் இந்நோய்க்கு வாய்ப்பு உண்டு. டொபாகோவில் மட்டும் தங்குவோருக்கு நோய் ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், உடல்நலக் காரணத்திற்காக மட்டும் அவர்களுக்கு இந்த ஊசி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

எனினும் சிக்கல் திரும்பும்போது எழுகிறது. டொபாகோ செல்வோரில் பலர் டிரினிடாடின் பியார்கோ விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து அரைமணி நேரத்திற்கும் குறைவான சிறு விமானப் பயணத்தில் தீவை அடைகின்றனர். மஞ்சள் காய்ச்சல் வாய்ப்புள்ள பகுதியிலிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இன்றி இந்தியா வந்து சேர்பவர் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். முதியவர் ஒருவர் நீண்ட பயணத்தின் முடிவில், தம் மருந்துப் பெட்டியும் உணவு ஒழுங்கும் குலைந்த நிலையில், தனிமைப்படுத்தலில் இருக்க நேர்வதைத் தவிர்க்கவே இது இங்கு விரிவாகக் கூறப்படுகிறது.

சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லும். 2016 ஜூலை முதல் ஒரே தவணை வாழ்நாள் முழுவதற்கும் ஏற்கப்படுகிறது. பழைய அட்டையில் பத்தாண்டு எனக் குறிக்கப்பட்டிருந்தாலும் இது பொருந்தும். தடுப்பூசி அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடப்படும். சென்னையில் கிண்டி கிங் நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அத்தகையவை. ஊசி போடப்படும் நாட்களும் முன்பதிவு முறையும் மாறக்கூடியவை; முன்னரே கேட்டறிந்து செல்லவும்.

இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசி. ஆகவே எல்லோருக்கும் ஏற்றதன்று. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கான மருந்துகளோ நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளோ உட்கொள்பவர்கள், எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், தைமஸ் சுரப்பி நோயுள்ளவர்கள், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உடையவர்கள் ஆகியோர் இதனைப் போட்டுக்கொள்ளலாகாது. அறுபது வயதைக் கடந்து முதன்முறையாகப் போட்டுக்கொள்வோருக்கு அரிதாகக் கடும் பின்விளைவுகள் ஏற்படும் வாய்ப்பு இளையோரைவிட அதிகம். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரிடம் தனியே கலந்து முடிவு செய்ய வேண்டும்.

இவர்களுக்கு மருத்துவ விலக்குச் சான்று வழங்கப்படலாம். ஆனால் விலக்குச் சான்று தனிமைப்படுத்தலைத் தடுத்தே தீரும் என்ற உறுதி இல்லை. எழுபது வயதுடைய தாயாருக்கு ஊசியும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம் எனக் கருதும் குடும்பத்தினர் டிரினிடாடில் இறங்காது செல்லும் வழி உள்ளதா எனப் பயண முகவரிடம் கேட்கலாம். அல்லது பார்படோஸ், கிரெனடா போன்று மஞ்சள் காய்ச்சல் வாய்ப்பில்லாத தீவைத் தேர்ந்தெடுக்கலாம். கடல் அங்கும் அதே கடல்தான். பெரும்பாலான முதியவர்களுக்கு இரண்டாவது வழியே எளிது என்பது என் கருத்து.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள்

டொபாகோவின் கடிகாரம் இந்திய நேரத்திற்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது. மேற்கு நோக்கிச் செல்லும்போது பயண நாள் நீளும், திரும்பும்போது குறுகும். நீளும் நாளில் சர்க்கரை உயரலாம். குறுகும் நாளில் இரண்டு ஊசிகளுக்கு இடைவெளி குறைந்து, சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். திரும்பும் பயணத்தில்தான் கூடுதல் விழிப்பு தேவை. பயணம் முடியும் வரை ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருப்பது உதவும். எந்த நேரத்தில் எத்தனை அலகு என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கிக்கொள்க. விமானத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்க்கவும். உணவு கைக்கு வந்த பின்னரே உணவுநேர இன்சுலினைப் போடவும். விமானம் குலுங்கினால் உணவு வழங்குதல் நிறுத்தப்படும்.

அடுத்தது உயிர் தொடர்பான செய்தி. இந்தியாவில் குப்பியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவுடையது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு நிறம். வெளிநாடுகளில் கிடைக்கும் குப்பி பொதுவாக மில்லிலிட்டருக்கு 100 அலகு செறிவுடையது. அதன் சிரிஞ்சு ஆரஞ்சு நிற மூடி உடையது. இந்தியக் குப்பி உடைந்தோ தீர்ந்தோ போய், அங்கு வாங்கிய குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் வழக்கமான கோடு வரை எடுத்தால், உடலுக்குச் செல்வது இரண்டரை மடங்கு இன்சுலின். இருபது அலகு போடுபவருக்கு ஐம்பது அலகு சென்றுவிடும். அது உயிருக்கே ஆபத்து. எனவே தேவையைப் போல் இருமடங்கு இன்சுலினையும் சிரிஞ்சுகளையும் இங்கிருந்தே எடுத்துச் செல்க. அங்கு வாங்க நேர்ந்தால் குப்பியையும் சிரிஞ்சையும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கி, இரண்டிலும் 100 என்ற எண் உள்ளதா எனப் பார்க்கவும். பேனா வகைக் குழல்கள் இந்தியாவிலும் பெரும்பாலும் 100 அலகுச் செறிவே என்பதால், நீண்ட பயணத்திற்கு முன் பேனாவுக்கு மாறலாமா என மருத்துவரைக் கேட்பது பயனுடையது.

இன்சுலினைச் சரக்கு அறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது. அங்கு உறைந்து கெடலாம், பெட்டியே தொலைந்தும் போகலாம். மருந்துச்சீட்டுடன் கைப்பையில் எடுத்துச் செல்லவும். கரையில் கழியும் பகற்பொழுதில் பையை மணலிலோ பூட்டிய வாகனத்திலோ விட்டுவிடுவதும் கெடுதலே. நீர் நனைத்த பருத்தித் துணியில் சுற்றி நிழலில் வைத்தால் ஓரளவு குளிர்ந்திருக்கும். ஈரத்துணியும் மண்பானையும் நம் வீடுகளில் நெடுங்காலம் செய்த வேலை இது. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் பயன்படுத்தலாகாது.

பாதம்

நீரிழிவால் பாத உணர்வு குன்றியவருக்குக் கடற்கரையில் உள்ள பேரிடர் அலையன்று, மணல். நண்பகல் மணலின் சூட்டை உணராமல் வெறுங்காலுடன் பத்து நிமிடம் நடந்து, மாலையில் பாதம் முழுவதும் கொப்புளத்துடன் வருவோரை நம் கடற்கரை ஊர்களிலேயே காண்கிறோம். டொபாகோ வட அகலாங்கு 11 பாகையில் உள்ளது. கோயம்புத்தூரும் ஏறத்தாழ அதே அளவில்தான். வெயிலும் நம் வெயிலே. ஊரில் நண்பகலில் நிழல் தேடும் நாம், விடுமுறையில் மட்டும் அதே நேரத்தில் மணலில் கிடக்கிறோம்.

தண்ணீருக்குள்ளும் கழற்றாத, விரல்களை மூடிய, அடிப்பகுதி தடித்த காலணி அணிக. பக்கூ பவளப்பாறைப் பகுதிக்குப் படகில் செல்வோருக்கு இது கட்டாயம். பவளம் கீறிய காயம் சிறிதாயினும் எளிதில் ஆறாது. முட்களுடைய கடல் உயிரினங்களை மிதித்தால் முள் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு மாலையும் பராமரிப்பாளர் நல்ல வெளிச்சத்தில் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். நோயாளி வலியில்லை என்று சொல்வதை ஏற்று விட்டுவிடக் கூடாது. வலி தெரியாமையே இங்கு நோய்.

ஆறாத புண் உள்ளவர் கடலில் இறங்கலாகாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் புண் வழியே புகுந்து சில மணி நேரங்களில் கடும் தொற்றை ஏற்படுத்தவல்லவை. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு இத்தொற்று உயிரைப் பறிக்கக்கூடும். அவர்கள் சிப்பி உள்ளிட்ட கடலுணவை வேகாத நிலையில் உண்ணவே கூடாது. கடலில் இறங்கிய ஓரிரு நாளில் காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, கருங்கொப்புளம் தோன்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் ஸ்கார்பரோ மருத்துவமனைக்குச் செல்லவும்.

சிறுநீரக நோயும் டயாலிசிஸும்

வாரம் இருமுறை, மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் விடுமுறையே செல்லலாகாது என்பதில்லை. ஆயின் செல்லும் ஊரில் இடம் உறுதியானதற்கான எழுத்து மூலமான பதில் கைக்கு வரும் முன் பயணச்சீட்டு வாங்க வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மையத்திற்கு எழுதி, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், உலர் எடை, அண்மை டயாலிசிஸ் பதிவுகள் ஆகியவற்றை அனுப்ப வேண்டியிருக்கும். சிறு தீவில் ஒரு நாற்காலி நிரம்பிவிட்டால் அடுத்த மையம் கடல் கடந்தே இருக்கும். இடம் கிடைக்காவிடில் வேறு ஊரைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஒரு தவணையைத் தவிர்த்துவிட்டுச் சென்று வரலாம் என எண்ணுவது பெருந்தவறு.

சாலையோரங்களில் இளநீர் தாராளமாகக் கிடைக்கும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்களுக்கும், ஸ்பைரோனோலாக்டோன், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மருந்துகள் உட்கொள்பவர்களுக்கும் அது இதயத் துடிப்பைப் பாதிக்கும் அளவுக்குப் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும். உடலுக்குக் குளிர்ச்சி என்ற நம் பழக்க எண்ணம் இங்கு உதவாது. எவ்வளவு அருந்தலாம், அருந்தலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்டுச் செல்க.

உணவு

டிரினிடாட் தீவுக்கு 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கொண்டுவரப்பட்டனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோரும் அவர்களுள் உண்டு. அதனால் ரொட்டியும் கறியும் அந்நாட்டு உணவாகவே ஆகிவிட்டன. கொண்டைக்கடலைக் குழம்பைப் பொரித்த மாவுத்தட்டையில் வைத்துத் தரும் 'டபுள்ஸ்', டொபாகோவின் நண்டுக்கறியும் மாவு உருண்டையும் நமக்கு அந்நியமாகத் தோன்றா. அறிமுகமான சுவை என்பதால் அளவு மீறுவது எளிது. மாவு உருண்டை முழுவதும் மாவுச்சத்து. உப்பிட்ட மீன் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கால் வீக்கத்தைக் கொண்டுவரும்.

சீலா போன்ற பெரிய பவளப்பாறை மீன்களைத் தவிர்க்கவும். அவற்றில் சிகுவாடெரா என்னும் நஞ்சு சேரக்கூடும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. மீனின் மணமும் மாறாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயைச் சுற்றி மரத்தல், குளிர்ந்த பொருள் சுடுவது போல் தோன்றுதல் ஆகியவை அறிகுறிகள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டு உணவு உட்கொள்ள இயலாத நாளில், மெட்ஃபார்மின், நீரிறக்கி மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரலாம். எவற்றை என்பதைப் புறப்படும் முன்பே சீட்டில் குறித்து வாங்குக. இன்சுலினைத் தாமாக முழுதும் நிறுத்தலாகாது.

கொசு, மரம், கடற்பாசி

மலேரியா தடுப்பு மாத்திரை டொபாகோவுக்குப் பொதுவாகத் தேவையில்லை. டெங்கு உண்டு. சிக்குன்குனியா 2013ஆம் ஆண்டு இறுதியிலும், ஜிகா அதன் பின்னரும் கரீபியன் பகுதியில் பரவின. கருவுற்றவர்கள் இப்பயணத்தைத் தள்ளிவைப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். காய்ச்சல் கண்டால் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாகாது. இதய நோய்க்காக நாள்தோறும் ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமைக்கான மாத்திரையோ உட்கொள்பவர் காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரைக் காண வேண்டும். தாமாக நிறுத்துவதும் தொடர்வதும் இரண்டுமே ஆபத்தாகலாம்.

கரையோரங்களில் மன்சினீல் என்னும் மரம் காணப்படும். சிறு பச்சை ஆப்பிள் போன்ற அதன் காய் நஞ்சு. பால் பட்டால் தோல் வெந்து கொப்புளமாகும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். பேரக்குழந்தைகளுடன் செல்வோர் அடையாளம் தெரியாத காயை எடுக்க விடக்கூடாது.

சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி 2011 முதல் சில பருவங்களில் பெருமளவில் ஒதுங்குகிறது. அட்லாண்டிக் பக்கக் கரைகளில் இது மிகுதி. அழுகும்போது எழும் வாயு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டும். அறை பதிவு செய்யும்போதே கரையின் நிலையைக் கேட்டறியலாம். நெபுலைசர் கருவி கொண்டுசெல்வோர் அங்கு மின்னழுத்தம் 115 வோல்ட் என்பதையும், மின்செருகி தட்டையான முனைகள் உடையது என்பதையும் கவனிக்கவும். 230 வோல்ட்டுக்கு மட்டும் அமைந்த கருவி அங்கு சரிவர இயங்காது.

காலமும் கடலும்

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. தென்கோடியில் இருப்பதால் டொபாகோவைப் புயல் தாக்குவது அரிது. ஆயினும் 1963இல் ஃபுளோரா புயல் தீவைச் சிதைத்தது. வாரந்தோறும் சிகிச்சை தேவைப்படுவோர் புயல் பருவத்தைத் தவிர்க்கவும்.

கரீபியன் பக்கக் கடல் அமைதியானது, அட்லாண்டிக் பக்கம் கொந்தளிப்பானது. உயிர்காப்பாளர் பணியில் உள்ள கரையில் மட்டும் குளிக்கவும். வலிப்பு நோய் உள்ளவர் தனியே நீரில் இறங்கலாகாது. நேர மாற்றத்தால் தூக்கம் கெட்ட முதல் இரு நாட்களில் இறங்காதிருப்பதே நன்று.

எடுத்துச் செல்ல வேண்டிய தாள்

மருந்துகளின் இந்திய வணிகப் பெயர்கள் அங்குள்ள மருந்தாளுநருக்குத் தெரியா. மருந்தின் பொதுப்பெயர், அளவு, வேளை, நோயின் பெயர், ஒவ்வாமை, அண்மை இ.சி.ஜி. ஆகியவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவரின் கையொப்பத்துடன் இரு படிகள் வைத்துக்கொள்க. ஒன்று நோயாளியிடம், மற்றொன்று உடன் செல்பவரிடம். இராணுவ உடைபோன்ற பச்சைப் புள்ளி வடிவத் துணியாலான பையில் மருந்து வைக்க வேண்டாம். அந்நாட்டில் பொதுமக்கள் அத்தகைய துணியைப் பயன்படுத்துவது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

திரும்பிய பின் ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல், எந்தத் தீவிலிருந்து எந்த நாளில் வந்தீர்கள் என்பதை முதலிலேயே கூறவும். வெளியூரில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் தம் வழக்கமான மையத்தில் அடுத்த தவணைக்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். ஹெபடைடிஸ் பரிசோதனை மீண்டும் செய்யப்படும்.